இரண்டு செஸ் இன்ஜின்களில் எது பலமானது? சொந்தக் கணினியில் சோதித்து அறிய முழுமையான வழிகாட்டி

முதல் முறையாக இரண்டு செஸ் இன்ஜின்களை, அதாவது செஸ் ஆடும் நிரல்களை, என் கணினியில் மோதவிட்டுத் தூங்கப் போன இரவு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் 30 ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஒன்றுக்கு 18 புள்ளி, இன்னொன்றுக்கு 12. தெளிவான வெற்றி என்று நினைத்து நண்பர்களிடம் சொல்லியும் விட்டேன். மறுநாள் இரவு அதே இரண்டையும் எதையும் மாற்றாமல் மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை 13-17. இரண்டு இரவையும் கூட்டினால் 31-29. முதல் நாள் காலையில் நான் பலம் என்று நினைத்தது வெறும் தற்செயல்.

அதற்குப் பிறகு பல ஆயிரம் ஆட்டங்களை ஓடவிட்டிருக்கிறேன். இன்ஜின்களை ஒப்பிடுவதில் கடினமான வேலையைக் கணினி செய்துவிடும். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் நம் வேலை. ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஓர் இன்ஜினைத் தரவிறக்கி ஏதாவது ஒரு செஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்த்த அனுபவம் இருந்தால் போதும், இந்த வழிகாட்டியைப் பின்பற்றலாம்.

எலோ எண் என்ன சொல்கிறது

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ, வீரர்களின் பலத்தை எண்ணால் காட்ட உருவாக்கிய கணக்குமுறையை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அதே முறைதான் இன்ஜின்களுக்கும். இதில் தனி எண்ணுக்கு அர்த்தம் இல்லை. இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். 10 எலோ கூடுதலாக இருக்கும் இன்ஜின் நீண்ட தொடரில் சுமார் 51.4 சதவீதப் புள்ளிகளை எடுக்கும். 50 எலோ என்றால் 57 சதவீதம், 100 என்றால் 64, 200 என்றால் 76, 400 என்றால் 91.

திருப்பிப் போடுவதும் எளிது. ஒரு இன்ஜின் எடுத்த புள்ளிகளை எதிராளி எடுத்த புள்ளிகளால் வகுத்து, வந்த எண்ணுக்குப் பத்தை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்து, 400ஆல் பெருக்குங்கள். 64-36 என்றால் வகுத்தால் 1.78, அதன் மடக்கை 0.25; 400ஆல் பெருக்கினால் 100.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரியும். இன்ஜின் தரவரிசைப் பட்டியலில் 3600 என்று பார்த்துவிட்டு, அதை மனித வீரரின் 2800உடன் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை. அந்த இன்ஜின்கள் தங்களுக்குள் மட்டும் மோதிப் பெற்ற எண்கள் அவை. ஒரு பட்டியலின் எண்ணை இன்னொரு பட்டியலின் எண்ணோடு ஒப்பிடுவதிலும் இதே சிக்கல்தான்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

"எது பலமானது" என்பது பாதிக் கேள்விதான். எந்த நேரக் கட்டுப்பாட்டில், எத்தனை கோர்களில் (பிராசஸரின் கணக்கிடும் பகுதிகள்), எந்த வகைத் திறப்புகளிலிருந்து (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) என்பது மீதிப் பாதி. 10 விநாடி ஆட்டத்தில் முந்தும் இன்ஜின், ஒரு மணி நேர ஆட்டத்திலும் அதே அளவு முந்தும் என்று சொல்ல முடியாது. அதனால் கருவிகளைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: "ஒரே கோரில், 10 விநாடியும் ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 விநாடியும் கொடுத்தால், இன்ஜின் அ இன்ஜின் ஆவைவிடப் பலமா?" இவ்வளவு குறுகலாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கூடவே, எவ்வளவு சிறிய வித்தியாசம் உங்களுக்கு முக்கியம் என்பதையும் எழுதுங்கள். இன்ஜின் எழுதுபவருக்கு 2 எலோகூடப் பொன். உங்கள் ஆட்டங்களை அலசுவதற்கு ஒரு நல்ல இன்ஜின் தேடுகிறீர்கள் என்றால் 30 எலோவுக்குக் கீழே உள்ள வித்தியாசம் உங்களைத் தொடவே தொடாது. எத்தனை நாள் கணினியை ஓடவிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான்.

எத்தனை ஆட்டம் வேண்டும்

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலபக் கணக்கு. ஏறக்குறைய சம பலமுள்ள இரண்டு இன்ஜின்கள், பாதி ஆட்டங்கள் டிரா என்று வைத்துக்கொண்டால், 480ஐ ஆட்ட எண்ணிக்கையின் வர்க்க மூலத்தால் வகுங்கள். அதுதான் 95 சதவீத நம்பிக்கையில் உங்கள் பிழை வரம்பு. 100 ஆட்டத்துக்கு 48 எலோ, 1000 ஆட்டத்துக்கு 15, 10,000 ஆட்டத்துக்கு 5க்குச் சற்றுக் கீழே. என் முதல் இரவின் 30 ஆட்டத்துக்கு 88! 18-12 என்பது 70 எலோ வித்தியாசம். அதாவது பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு பழைய செய்திகளைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ, கேரி காஸ்பரோவை 3.5-2.5 என்று வென்றது. முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் காஸ்பரோவ் 4-2 என்று வென்றிருந்தார். வரலாறு என்ற அளவில் இரண்டும் பெரிய நிகழ்வுகள். யார் பலசாலி என்று அளப்பதற்கு ஆறு ஆட்டம் ஒன்றுமே இல்லை.

இன்ஜின்களின் பெரிய போட்டியான டிசிஇசியின் இறுதிச்சுற்று 100 ஆட்டங்கள் கொண்டது. 2019இல் நடந்த 15ஆவது பருவத்தில் லீலா என்ற இன்ஜின், ஸ்டாக்ஃபிஷை 53.5-46.5 என்று வென்றது. எலோவில் அது 24. டிராக்கள் அதிகம் என்பதால் பிழை வரம்பு 48ஐவிடக் குறைவுதான், ஆனாலும் 24ஐத் தாண்டியது. 16ஆவது பருவத்தில் ஸ்டாக்ஃபிஷ், 17இல் லீலா, 18இல் மறுபடி ஸ்டாக்ஃபிஷ் என்று பட்டம் மாறி மாறிப் போனதில் எனக்கு வியப்பே இல்லை. பட்டத்துக்கான போட்டி ஒன்று, அளவீடு வேறொன்று. நான் இரண்டையும் ரசிக்கிறேன், கலப்பதில்லை.

கணினியைத் தயார் செய்தல்

சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் பெரும்பாலான தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன.

முதலில், சரியான கோப்பைத் தரவிறக்குங்கள். இன்றைய இன்ஜின்கள் பெரும்பாலும் என்என்யுஇ என்ற சிறிய நரம்பு வலையமைப்பை வைத்து நிலையை மதிப்பிடுகின்றன. இது 2018இல் ஜப்பானிய சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு உருவாக்கியது. 2020 ஆகஸ்டில் ஸ்டாக்ஃபிஷுக்குள் வந்தது. இந்த வலையமைப்பின் வேகம், உங்கள் பிராசஸரின் ஏவிஎக்ஸ்2 போன்ற சிறப்புக் கட்டளைகளை அந்தக் கோப்பு பயன்படுத்துகிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு இன்ஜினுக்கு ஏவிஎக்ஸ்2 கோப்பும், இன்னொன்றுக்கு எல்லாப் பழைய கணினியிலும் ஓடும் பொதுக் கோப்பும் போட்டால், போட்டி தொடங்கும் முன்பே ஒருவர் காலில் கல் கட்டியாகிவிட்டது. நானும் ஒரு முறை இதைச் செய்து, புதிய பதிப்பு பழையதைவிட மோசம் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பல இன்ஜின்களில் "பெஞ்ச்" என்று ஒரு கட்டளை உண்டு. அது ஒரு குறிப்பிட்ட நிலைத்தொகுப்பை ஓட்டி, விநாடிக்கு எத்தனை நிலைகளைப் பார்த்தது என்று சொல்லும். ஒவ்வொரு கோப்பையும் இப்படி இரண்டு மூன்று தடவை ஓட்டி வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு இன்ஜினின் வேகத்தை வேறு இன்ஜினின் வேகத்தோடு ஒப்பிட வேண்டாம். அவை எண்ணும் விதமே வேறு. ஒரே இன்ஜினின் வெவ்வேறு கோப்புகளில் எது வேகமானது என்று பார்க்கத்தான் இது.

அடுத்து, வெப்பம். மடிக்கணினியில் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் பிராசஸர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வைத்தால்கூட இது நடக்கும். இரண்டு இன்ஜினையும் ஒன்றுபோலத்தானே பாதிக்கிறது என்று தோன்றலாம். சராசரியாக அப்படித்தான், ஆனால் திடீர்த் தடுமாற்றங்கள் நேரத் தோல்விகளைக் கொண்டுவரும். கணினியை மேசையில் சற்று உயர்த்தி வையுங்கள், மின்சாரத்தில் இணைத்தே வையுங்கள், டர்போ வேகத்தை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். வேகம் குறைந்தாலும் சீராக இருப்பது முக்கியம். மின்தடை வரும் பகுதி என்றால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு, ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டம் ஓட்டுவது என்ற கேள்வி. எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் பாண்டர் வசதியை நிறுத்திவிட்டால், ஓர் ஆட்டத்தில் எப்போதும் ஒரு இன்ஜின்தான் யோசித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோர் போதும். உண்மையான கோர்களை எண்ணி, இயங்குதளத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள். நான்கு கோர் எட்டு திரெட் என்று போட்டிருந்தால் எட்டு ஆட்டம் ஓட்ட ஆசை வரும். வேண்டாம், மூன்றோடு நிறுத்துங்கள். சோதனை ஓடும்போது அதே கணினியில் படம் பார்ப்பதும் வேண்டாம்.

சமமான களம்

இரண்டு இன்ஜினுக்கும் ஹேஷ் நினைவகம் (ஏற்கெனவே அலசிய நிலைகளைச் சேமிக்கும் இடம்) ஒன்றே, திரெட் எண்ணிக்கை ஒன்றே, டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தொகுப்பு) இருந்தால் இருவருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. சொந்தத் திறப்புப் புத்தகம் கொண்ட இன்ஜின் என்றால் அதை நிறுத்திவிடுங்கள். இன்றைய இன்ஜின்கள் எல்லாம் ஏறக்குறைய யுசிஐ என்ற பொது மொழியைப் பேசுவதால் இந்த அமைப்புகள் பெரும்பாலானவற்றில் ஒரே பெயரில் இருக்கும்.

ஹேஷ் எவ்வளவு? ஸ்டாக்ஃபிஷின் சோதனைக் களமான ஃபிஷ்டெஸ்டில் 10 விநாடி ஆட்டத்துக்கு 16 எம்பியும், 60 விநாடி ஆட்டத்துக்கு 64 எம்பியும் கொடுக்கிறார்கள். ஒரு கோர் சோதனைக்கு நாமும் அதையே பின்பற்றலாம். நேரம் கூடினால் ஹேஷும் கூட வேண்டும்.

இந்த விஷயம் எவ்வளவு பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பும் என்பதற்கு டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ என்ற இன்ஜின் சாட்சி. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் குழு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஸ்டாக்ஃபிஷ் 8உடன் 100 ஆட்டம்: 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. 64 சதவீதம், 100 எலோ. உலகமே அதிர்ந்தது. ஆனால் அமைப்பைப் படித்த இன்ஜின்காரர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். ஸ்டாக்ஃபிஷ் 64 திரெட்களில் ஓடியது. கொடுத்த ஹேஷ் வெறும் 1 ஜிபி. நகர்வுக்குச் சரியாக ஒரு நிமிடம் என்று நேரம் கட்டப்பட்டிருந்தது. எங்கே அதிகம் யோசிப்பது, எங்கே சட்டென்று ஆடுவது என்று முடிவெடுக்கும் திறமையில் ஸ்டாக்ஃபிஷ் குழு நிறைய உழைத்திருந்தது. அந்த உழைப்பு முழுவதும் அங்கே பயனற்றுப் போனது. ஸ்டாக்ஃபிஷை உருவாக்கியவர்களில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாடே இதை வெளிப்படையாகக் குறை சொன்னார்.

டீப்மைண்டைப் பாராட்ட வேண்டிய இடம் அடுத்தது. 2018 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில் சோதனையை மறுபடி செய்திருந்தார்கள். ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹேஷ், டேபிள்பேஸ்; ஆட்டத்துக்கு மூன்று மணி நேரமும் நகர்வுக்கு 15 விநாடியும். இந்த முறை 1000 ஆட்டம். ஆல்ஃபாஸீரோ 155 வென்று 6 தோற்றது. நம் சூத்திரத்தில் போட்டால் 57.45 சதவீதம், 52 எலோ. வெற்றி வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் அறிக்கை காட்டிய 100 எலோ, சீரான களத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நாம் வீட்டில் செய்யும் சோதனையில் ஹேஷ் பெட்டியை ஒரு முறை கூடுதலாகச் சரிபார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

அந்தப் போட்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது, அது இன்றும் தீரவில்லை. ஆல்ஃபாஸீரோ சிறப்புச் சிப்களில் ஓடியது, ஸ்டாக்ஃபிஷ் சாதாரண பிராசஸரில். லீலாவும் கிராபிக்ஸ் கார்டில்தான் பலமாக ஆடும். எந்த கார்டு எத்தனை கோருக்குச் சமம்? விலையை வைத்தா, மின்சாரத்தை வைத்தா? எனக்குத் தெரிந்து நேர்மையான ஒரே வழி, எந்தக் கார்டு எந்த பிராசஸர் என்பதை முடிவோடு சேர்த்தே சொல்வதுதான். "என் கணினியில் உள்ள இந்த இரண்டு பாகங்களில்" என்ற முன்னொட்டு இல்லாமல் லீலா பெரிதா ஸ்டாக்ஃபிஷ் பெரிதா என்று சொல்வதில்லை.

நேரக் கட்டுப்பாடு

நகர்வுக்குக் கூடுதல் நேரம் தரும் முறையையே எடுங்கள். 10 விநாடியும் 0.1 விநாடியும் நல்ல தொடக்கம். ஓர் ஆட்டம் 60 நகர்வு போனால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 16 விநாடி. ஓர் ஆட்டத்துக்கு அரை நிமிடம். மூன்று ஆட்டம் இணையாக ஓடினால் மணிக்கு 360, எட்டு மணி நேர இரவில் சுமார் 2900. பிழை வரம்பு 9 எலோ. இதே இரவில் 60 விநாடியும் நகர்வுக்கு 0.6 விநாடியும் வைத்தால் சுமார் 480 ஆட்டம்தான் முடியும், பிழை வரம்பு 22. இந்தப் பேரத்தை ஒவ்வொரு முறையும் செய்துதான் ஆக வேண்டும். நான் குறுகிய நேரத்தில் முதலில் ஓட்டி, முடிவு சுவையாக இருந்தால் மட்டும் நீண்ட நேரத்தில் உறுதிப்படுத்துகிறேன். ஃபிஷ்டெஸ்டும் இப்படி இரண்டு கட்டமாகத்தான் நடக்கிறது.

ஒரு விநாடிக்கும் குறைந்த ஆட்டங்கள் வேண்டாம். அங்கே நீங்கள் அளப்பது இன்ஜினின் செய்தி போய்வரும் தாமதத்தை.

திறப்புகள்

தொடக்க நிலையிலிருந்து ஒரு கோரில் ஆடவிட்டால் இரண்டு இன்ஜின்களும் அதே ஆட்டத்தை, அல்லது ஏறக்குறைய அதே ஆட்டத்தை மறுபடி மறுபடி ஆடும். ஆயிரம் ஆட்டம் என்று கணக்கில் இருக்கும். உண்மையில் சில பத்து ஆட்டங்களின் நகல். அதனால் சில ஆயிரம் தொடக்க நிலைகள் கொண்ட ஒரு கோப்பு கட்டாயம் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழு இவற்றை இலவசமாகவே தருகிறது.

ஒவ்வொரு திறப்பையும் இரண்டு முறை ஆட வேண்டும்: ஒரு முறை இவர் வெள்ளை, அடுத்த முறை அவர் வெள்ளை. திறப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இதனால் அநீதி நீங்கும்.

சமமான திறப்பா, சாய்ந்த திறப்பா? பலமான இன்ஜின்கள் சமமான நிலையிலிருந்து ஆடினால் பெரும்பாலும் டிராவில்தான் முடியும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இதனால்தான் ஸ்டெஃபான் போல் தொகுத்த, யுஎச்ஓ என்று அழைக்கப்படும் தொகுப்பு பரவலாகியது. மனித ஆட்டங்களிலிருந்து எடுத்த, வெள்ளைக்கு நல்ல சாதகமுள்ள நிலைகள் அதில் உள்ளன. வெள்ளையால் வெல்லவும் முடியலாம், கறுப்பால் தப்பிக்கவும் முடியலாம் என்ற விளிம்பில் நிற்பவை. அந்த இழுபறியில்தான் பலம் வெளிப்படும். முன்னணி இன்ஜின்களுக்கு யுஎச்ஓ, நடுத்தர இன்ஜின்களுக்குச் சமமான தொகுப்பு என்பது என் வழக்கம். எதைப் பயன்படுத்தினாலும் அதன் பெயரைக் குறித்து வையுங்கள். ஒரே ஜோடிக்கு இரண்டு தொகுப்புகளில் வேறு வேறு எலோ வருவது இயல்பு.

போட்டியை நடத்தும் மென்பொருள்

கியூட்செஸ் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. வேகம் வேண்டும் என்றால் ஃபாஸ்ட்செஸ். இரண்டும் இலவசம், இரண்டும் கட்டளை வரியில் ஓடுபவை. கியூட்செஸுக்குச் சாளர வடிவமும் உண்டு. எதை எடுத்தாலும் நான்கு விஷயம் கொடுக்க வேண்டும்: இரண்டு இன்ஜின்களின் கோப்பு, மேலே சொன்ன அமைப்புகள், திறப்புக் கோப்பைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றையும் இருமுறை ஆடச் சொல்லும் கட்டளை, ஆட்டங்களைச் சேமிக்க ஒரு பிஜிஎன் கோப்பு (நகர்வுகளை எழுத்தாகப் பதியும் கோப்பு).

ஆட்டம் முடிந்தது என்று தெரிந்த பின்னும் இழுத்துக்கொண்டே போவதைத் தடுக்க நடுவர் விதிகள் வைக்கலாம். 34ஆவது நகர்வுக்குப் பிறகு தொடர்ந்து 8 நகர்வு இருவரும் வித்தியாசத்தை 0.20 சிப்பாய்க்குள் மதிப்பிட்டால் டிரா. 3 நகர்வு தொடர்ந்து 6 சிப்பாய் அளவுக்குப் பின்தங்கினால் தோல்வி. ஃபிஷ்டெஸ்டில் புழங்கிய எண்கள் இவை. ஒரு எச்சரிக்கை: எல்லா இன்ஜினும் மதிப்பெண்ணை ஒரே அளவுகோலில் சொல்வதில்லை. அறிமுகமில்லாத இன்ஜின் என்றால் விதிகளைத் தளர்த்தி வையுங்கள், அல்லது முதல் சோதனையில் விதியே இல்லாமல் ஓட்டுங்கள்.

தராசைச் சோதித்தல்

இதைச் செய்யாமல் பெரிய போட்டியைத் தொடங்க வேண்டாம். முதலில் 40 ஆட்டம் ஓட்டி, பிஜிஎன்னைத் திறந்து பாருங்கள். நேரம் முடிந்து தோற்ற ஆட்டம் உண்டா? இன்ஜின் நின்றுபோனதா? ஒரே ஆட்டம் இருமுறை வந்ததா? நேரத் தோல்வி ஒன்று வந்தாலே காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரே நேரத்தில் அதிக ஆட்டம் ஓடுவதுதான் காரணம்.

அப்புறம், ஒரு இன்ஜினை அதனோடே மோதவிடுங்கள், இரண்டு வேறு பெயரில். 1000 ஆட்டத்தில் 50 சதவீதத்துக்கு அருகே, பிழை வரம்புக்குள் வர வேண்டும். வராவிட்டால் அமைப்பில் கோளாறு.

மூன்றாவதாக, விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுங்கள். 2020 ஜனவரியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 11, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, இரண்டையும் மோதவிடுங்கள். நரம்பு வலையமைப்பு நுழைந்தது 12இல்தான். தோற்கும் ஆட்ட ஜோடிகளைவிடப் பத்து மடங்கு ஜோடிகளை 12 வெல்கிறது என்று அதை வெளியிட்டபோதே சொன்னார்கள். உங்கள் கணினியில் 12 லேசாக மட்டும் முந்தினால், தவறான கோப்பைத் தரவிறக்கியிருக்கிறீர்கள் என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

எப்போது நிறுத்துவது

இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. ஒன்று, முன்கூட்டியே எண்ணிக்கையை முடிவுசெய்து, அது முடியும்வரை ஓட்டுவது. நடுவில் பார்க்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. நமக்குப் பிடித்த இன்ஜின் முன்னிலையில் இருக்கும் நொடியில் நிறுத்தினால், சமமான இரண்டு இன்ஜின்களில்கூட வெற்றியாளரைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று எஸ்பிஆர்டி என்ற தொடர் சோதனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் உருவாக்கியது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டே போவதற்காகவே வடிவமைக்கப்பட்டதால், நடுவில் நிறுத்தும் பாவம் இதில் இல்லை. இரண்டு கருதுகோள்களைக் கொடுக்க வேண்டும். "வித்தியாசம் 0 எலோ" என்பது ஒன்று, "வித்தியாசம் 5 எலோ" என்பது இன்னொன்று. தவறும் வாய்ப்பு இரு பக்கமும் 5 சதவீதம் என்று வைத்தால், மென்பொருள் காட்டும் ஓர் எண் +2.94ஐத் தொடும்போது இரண்டாவது ஏற்கப்படும், -2.94ஐத் தொட்டால் முதலாவது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில நூறு ஆட்டத்திலேயே முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருந்தால் பல ஆயிரம் போகும். 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் இந்த முறையில்தான், தன்னார்வலர்களின் கணினிகளை இரவல் வாங்கி, ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் பல்லாயிரம் ஆட்டங்களில் வடிகட்டுகிறது. ஸ்டாக்ஃபிஷ் இன்று இருக்கும் உயரத்துக்கு நரம்பு வலையமைப்புக்கு நிகராக இந்தப் பொறுமையும் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எஸ்பிஆர்டி சொல்வது "ஆம்" அல்லது "இல்லை". எவ்வளவு பலம் என்று துல்லியமாக அறிய வேண்டும் என்றால் நிலையான எண்ணிக்கையே நல்லது. வெறும் ஒப்பீடு செய்பவர்களுக்கு நான் முதல் வழியையே சொல்வேன்.

முடிவைப் படித்தல்

ஒரு கணக்கைக் கையாலேயே போடுவோம். 1000 ஆட்டம்: அ 230 வெற்றி, 190 தோல்வி, 580 டிரா. டிராவுக்கு அரைப் புள்ளி என்றால் 520, அதாவது 52 சதவீதம். எலோ சுமார் 14. பிழை வரம்பு? டிரா பாதிக்கு மேல் என்பதால் 15க்குப் பதிலாக 14 வருகிறது. ஆக உண்மையான வித்தியாசம் 0க்கும் 28க்கும் நடுவே எங்கோ. 40 வெற்றி கூடுதல் என்று பார்த்தால் பெரிதாகத் தெரிந்தது, இல்லையா?

மென்பொருள் எல்ஓஎஸ் என்று ஒன்றையும் காட்டும். இன்ஜின் அ உண்மையிலேயே பலமாக இருக்கும் வாய்ப்பு அது. வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்து, இரண்டையும் கூட்டியதன் வர்க்க மூலத்தால் வகுத்தால் இங்கே 1.95 கிடைக்கிறது, அதற்கு ஏறத்தாழ 97 சதவீதம். "அ பலமானது" என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். "அ 14 எலோ பலமானது" என்று அதே தைரியத்தோடு சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள்.

ஆட்ட ஜோடிகளாகப் பார்க்கும் கணக்கும் உண்டு. ஒரே திறப்பை நிறம் மாற்றி ஆடிய இரண்டு ஆட்டங்களைச் சேர்த்தால் 0, 0.5, 1, 1.5, 2 என்று ஐந்து முடிவுகள்தான் சாத்தியம். சாய்ந்த திறப்புகளில் இருவரும் வெள்ளையில் வென்றால் ஜோடி 1-1. அதில் ஒரு தகவலும் இல்லை. தனித்தனியாக எண்ணினால் அதை இரண்டு வெற்றி தோல்விகளாக நினைத்துப் பிழை வரம்பைத் தேவையில்லாமல் பெரிதாக்கிவிடுவோம். யுஎச்ஓ பயன்படுத்தினால் ஜோடிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட்செஸ் அதைத் தானே காட்டும்.

இரண்டுக்கு மேல் இருந்தால்

பத்து இன்ஜின்களை வரிசைப்படுத்த வேண்டும் என்றால் எல்லோரும் எல்லோருடனும் மோதும் முறை சிறந்தது. புதிதாக வந்த ஒன்றை மட்டும் அளக்க, அதை மற்ற ஒன்பதோடும் மோதவிட்டால் போதும். பிஜிஎன் கோப்பை ஆர்டோ அல்லது ரெமி கூலோம் எழுதிய பேயஸ்எலோ மென்பொருளிடம் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். ஒரு இன்ஜினுக்கு நீங்களே ஓர் எண்ணை நிலையாகக் கொடுத்தால் மற்றவை அதைச் சுற்றி அமையும்.

புதிய பதிப்பைப் பழைய பதிப்போடு மட்டும் மோதவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வரும் 40 எலோ, வேறு இன்ஜின்களோடு மோதும்போது பெரும்பாலும் சுருங்கும். இரண்டும் ஒரே மாதிரி யோசிப்பதால், ஒன்று சற்று ஆழமாகப் பார்த்தாலே மற்றது அகப்பட்டுவிடும். பல எதிராளிகளோடு அளந்த எண்ணையே நான் அதிகம் நம்புகிறேன். சிசிஆர்எல் போன்ற தன்னார்வலர் பட்டியல்களின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது. உங்கள் முடிவு அங்கே உள்ள வரிசையிலிருந்து வெகுவாக விலகினால், புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழும் முன் ஹேஷையும் கோப்பையும் மறுபடி பாருங்கள்.

புதிர் நிலைகளைக் கொடுத்து எத்தனைக்கு விடை கண்டுபிடிக்கிறது என்று எண்ணும் பழக்கமும் இருக்கிறது. இன்ஜினில் பிழை தேட அது உதவும். ஆட்டத்தின் பலத்தை அது அளப்பதில்லை. தியாகங்களைச் சட்டென்று கண்டுபிடிக்கும் இன்ஜின் முழு ஆட்டத்தில் தோற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழுதி வைத்தல்

முடிவைப் பகிரும்போது ஒரே பத்தியில் இவ்வளவும் இருக்கட்டும்: இரண்டு இன்ஜின்களின் சரியான பதிப்பும் கோப்பு வகையும், பிராசஸர், திரெட், ஹேஷ், டேபிள்பேஸ் உண்டா இல்லையா, நேரக் கட்டுப்பாடு, திறப்புத் தொகுப்பின் பெயர், நடுவர் விதிகள், வெற்றி தோல்வி டிரா எண்ணிக்கை, பிழை வரம்போடு எலோ. பிஜிஎன்னை அழிக்காதீர்கள். முடிவு பிழை வரம்புக்குள் விழுந்தால் "இத்தனை ஆட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது, அதே அமைப்பில், திறப்புக் கோப்பில் இதுவரை ஆடாத பகுதியிலிருந்து தொடருங்கள். பழைய ஆட்டங்களோடு புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். என் முதல் ஜோடியை அப்படித்தான் பிறகு 4000 ஆட்டம்வரை கொண்டுபோனேன். 6 எலோ, கூட்டியும் குறைத்தும் 8.